ஒரு ஸ்பேனர் பையும் இரண்டு ஆண்களும்

பொழிச்சலூரில் என் தம்பி வீட்டு போர்ட்டிகோ. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த கையோடு. தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்து, அதன் ஒரு பக்கம் பிளாஸ்டிக் முக்காலி போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் இன்னொரு முக்காலியில் என் தம்பி. நடுவில் ஒரு சின்ன வாளியில் டீசல். வாளியைச் சுற்றி, துரு ஏறிய ஸ்பேனர்கள்.

முதுகைக் காட்டினால் மரியாதை இல்லை, முகத்தைக் காட்ட மனமில்லை. அதனால் இருவரும் பக்கவாட்டில் திரும்பி, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இருந்தார்கள்.

"அக்கா, அத்தானை அந்தக் கம்பி பிரஷ்ஷை எடுக்க வேணாம்னு சொல்லு."

"உன் தம்பிகிட்ட சொல்லு, பிரஷ் நான் காசு குடுத்து வாங்கினதுன்னு."

இருவருக்கும் இடையில் கை நீட்டினால் தொடும் தூரம்தான். ஆனாலும் பேச்செல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் வழியாகத்தான் போய் வந்தது. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும்போது மட்டும் இருவரும் வாயை மூடினார்கள். அந்தப் பக்கம் இன்னும் நாலு விமானம் கூடுதலாக விட்டால் புண்ணியமாகப் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் காய்கறி வாங்கும் லட்சணத்தைப் பற்றி எழுதியதற்கு அவர் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தால் என்ன ஆவார் என்று தெரியவில்லை. தம்பியும் படிப்பான் என்பதால், இந்த முறையாவது இருவரும் ஒரே கட்சியில் இருப்பார்கள்.

வண்டி அங்கே, பை இங்கே

எங்கள் அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அதே வண்டி வைத்திருந்தவர்கள் பத்துப் பேர், நான் எழுதியது தப்பு என்று கடிதம் போடுவார்கள். சாம்பல் நிறம், உருண்டை முதுகு, ஓட்டுகிறவர் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. அவ்வளவு போதும்.

அப்பா மருந்து விற்பனைப் பிரதிநிதி. அந்த வண்டியில் செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று டாக்டர் டாக்டராகச் சுற்றினார். வண்டியோடு கார் கம்பெனியே கொடுத்த ஒரு காக்கி கேன்வாஸ் பை உண்டு. பாய் மாதிரி சுருட்டி நாடா கட்டி வைக்கலாம். விரித்தால் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு அறை. ஸ்பேனர்கள், திருப்புளி, கட்டிங் பிளேயர், பிளக் கழற்றும் குழாய், சக்கரம் கழற்றும் வீல் ஸ்பேனர். அப்பா அதைத் தொட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சட்டையில் கிரீஸ் வாசனை வரும்.

அப்பாவுக்குப் பிறகு வண்டி தம்பி வில்சனிடம் போயிற்று. பை மட்டும் மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு பீரோவில், என் கல்யாணப் புடவைக்குக் கீழே கிடந்தது. அங்கேதான் பிரச்சினை.

'கொஞ்சம்' என்ற சொல்

எங்களுக்குக் கல்யாணமான புதிது. அப்பா எங்களைக் காரில் அழைத்துக்கொண்டு போனார். படப்பை தாண்டி டயர் பஞ்சர். அப்பாவே இறங்கிச் சக்கரத்தை மாற்றினார். முடித்ததும் பையைச் சுருட்டி, நாடா கட்டி, புது மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து வயல் பம்பு செட்டில் கை கழுவப் போனார்.

கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "வெச்சுக்கோங்க மாப்ள" என்று சொன்னதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். "கொஞ்சம் வெச்சுக்கோங்க மாப்ள" என்று சொன்னதாக, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, மதகுக் கட்டை மேல் உட்கார்ந்திருந்த என் தம்பி சொல்கிறான்.

முதல் வாக்கியப்படி பை எங்களுடையது. இரண்டாவது வாக்கியப்படி, அப்பா கை கழுவி வரும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய பையை மாப்பிள்ளை மடியிலேயே வைத்திருந்து, வீடு வந்ததும் இறங்கி உள்ளே கொண்டு போய்விட்டார்.

"மாமா அதுக்கப்புறம் உயிரோட இருந்த வரைக்கும் ஒரு வாட்டி கேட்டாரா?" என்பார் இவர்.

"மாப்பிள்ளைகிட்ட போய் ஒரு மனுஷன் ஸ்பேனரைத் திருப்பிக் குடுன்னு எப்படிக் கேப்பார்?" என்பான் அவன்.

நானும் அங்கேதான் இருந்தேன். இருவரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத நாளில்லை. ஆனால் அந்த நேரத்தில் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. என் காதில் விழுந்தது "...க்கோங்க மாப்ள" மட்டும்தான்.

அப்பாவின் முதலாண்டு நினைவு ஜெபக் கூட்டத்தில், எங்கள் சபை ஐயர் ஆசீர்வாதம் சொல்லி முடித்து, வடை வந்துகொண்டிருந்த நேரத்தில், வில்சன் பையைக் கேட்டான். இவர் தர முடியாது என்றார். குரல் உயர்ந்தது. வடையைக் கையில் பிடித்தபடி பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அதோடு போக்குவரத்து நின்றுபோயிற்று.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தாம்பரமும் பல்லாவரமும்தான் இருக்கின்றன. ஆனால் கிறிஸ்துமஸ் கேக் டெலிவரி ஆப்பில் வர ஆரம்பித்தது. தம்பி மனைவி கிரேஸ் அனுப்புவாள். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் நின்று "மேடம், ஓடிபி?" என்பார். என் தம்பி வீட்டுக் கேக்கை வாங்க நான் ஒரு நம்பரை ஒப்பிக்க வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டுதான் ஒப்பிப்பேன். கதவைச் சாத்திய பிறகு அந்தக் கேக்கை வெட்டக் கை வராது.

ஸ்பீக்கரில் ஒரு சமாதானம்

வில்சன் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அவன் கல்லூரி மைதானத்தில் பழைய கார் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தது. அதில் ஒரு தனிப் பரிசு: வண்டியோடு வந்த அசல் கருவிகளை முழுசாக வைத்திருப்பவர்களுக்கு.

ஒரு மாலை ஃபோன் வந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். இவர் பக்கத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"அக்கா, அத்தான் இருக்காரா?"

"இல்லைன்னு சொல்லு" என்றார் இவர், பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி.

"சரி, இல்லாத அத்தான்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. அந்தப் பை ஒரே ஒரு நாளைக்கு வேணும். ஷோ முடிஞ்சதும் குடுத்துடறேன்."

"பையைத் தனியா அனுப்ப முடியாதுன்னு சொல்லு. அது போற இடத்துக்கு நானும் வருவேன். அதோட, அதைச் சுத்தம் பண்றது நான்தான்."

"என் வண்டிக்கு நான்தான் பண்ணுவேன்."

"என் பைக்கு நான்தான்."

நான் கத்தியை வைத்தேன். "ரெண்டு பேருமே பண்ணுங்க. இந்த ஞாயித்துக்கிழமை. வில்சன், கிரேஸை எனக்கும் சேத்து சமைக்கச் சொல்லு" என்று ஃபோனை வைத்துவிட்டேன். அந்தப் பையை நினைத்து எனக்குத் துளிக்கூட அக்கறை இல்லை. கிரேஸ் கையால் சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

துரு பற்றி ஒரு சிறு பாடம்

ஆக, போர்ட்டிகோ.

என் வீட்டுக்காரர் ஜெயசிங் அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். அவருக்குச் சுத்தம் என்றால் முகம் தெரிய வேண்டும். கம்பி பிரஷ், உப்புத்தாள், பித்தளைக்குப் போடும் பாலிஷ் என்று ஒரு மூட்டையே கொண்டுவந்திருந்தார்.

வில்சனோ இரவெல்லாம் வெளிநாட்டு வீடியோ பார்த்துத் தேறியவன். "பழைய பொருள்ல இருக்கிற அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான் மதிப்பே. அதுக்குப் பேர் பாட்டினா. தேச்சா போச்சு. டீசல்ல கழுவி, எண்ணெய் தடவி விட்டுடணும்."

"அழுக்குக்கு இங்கிலீஷ்ல பேர் வெச்சா அது அழுக்கு இல்லைன்னு ஆயிடுமா? உன் தம்பியைக் கேளு."

"அத்தான் தேய்க்கிற தேய்ப்புல ஸ்பேனர் ஊசியாயிடும்னு சொல்லுக்கா."

நான் ஒரு பெண்கள் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். துரு என்றால் என்ன, எப்படி வருகிறது, எதில் கரையும் என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டுத் தொண்டை கட்டியவள். அந்தப் போர்ட்டிகோவில் துருவைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டாணி வெந்துவிட்டதா என்று மட்டும் இருவரும் கேட்டார்கள்.

கடைசியில் விடைத்தாள் பிரித்துக் கொடுப்பதுபோல, உனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தேன். வீல் ஸ்பேனர் மட்டும் மிச்சம் நின்றது. இருப்பதிலேயே கனமும் அதுதான், துரு அதிகமும் அதுதான். அதனால் இருவருமே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கிரேஸ் ஸ்குவாஷ் போடுவதற்காக வைத்திருந்த சிட்ரிக் ஆசிட்டைப் பழைய பேசினில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, அதில் போட்டு மூடினேன்.

"அண்ணி, வெடிக்குமா?" என்றாள் கிரேஸ்.

"வெளியில இருக்கிறதுங்கதான் வெடிக்கும். இது சாதுவா கிடக்கும்."

சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டுத் திறந்தபோது தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. ஸ்பேனரை எடுத்து ஆப்ப சோடா போட்டுக் கழுவி, துடைத்து, அடுப்புச் சூட்டில் உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெய் தடவினோம். இரும்பு அமைதியான சாம்பல் நிறத்தில், பொறித்திருந்த எழுத்துகள் எல்லாம் தெரிய வெளியே வந்தது. கொண்டுபோய்ச் செய்தித்தாளில் வைத்தேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதி ஸ்பேனர்கள் எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னின. மீதிப் பாதி பனைவெல்லம் மாதிரி இருந்தன. விரித்த பை, இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வண்டலூரில் நின்ற வண்டி

கண்காட்சி நாள் காலை. வில்சன் ஓட்டினான். அவன் பக்கத்தில் கிரேஸ். பின்னால் நான். என் பக்கத்தில் இவர், மடியில் பை. பஞ்சரான அந்த நாளில் உட்கார்ந்திருந்த அதே இடம், அதே பிடி.

பெருங்களத்தூர் வரை வண்டி ராஜா மாதிரி வந்தது. பைக்கில் போகிறவர்கள் ஃபோனில் படம் எடுத்தார்கள். வில்சன் கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு லேசாகத் தலையாட்டினான். வண்டலூர் சிக்னலில் நின்றோம். வண்டி ஒரு முறை குலுங்கி அணைந்தது. பிறகு சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. ஹாரனை அமுக்கினான். அதுவும் இல்லை.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த அத்தனை பேரின் ஹாரன்கள் மட்டும் நன்றாக வேலை செய்தன. தள்ளி ஓரத்தில் நிறுத்தினோம். பானெட்டைத் திறந்து இருவரும் தலையை உள்ளே விட்டார்கள்.

"கார்புரேட்டர்" என்றான் வில்சன்.

"பெட்ரோல்ல தண்ணி" என்றார் இவர்.

ஓரமாக ஆட்டோவை நிறுத்தியிருந்த டிரைவர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். இவர் மடியிலிருந்து இறக்கி வைத்ததில் நாடா அவிழ்ந்து பின் சீட்டில் விரிந்து கிடந்த பையையும் பார்த்தார். "இன்னா சார், டூல்ஸ் இவ்ளோ கீது, எடுத்துக் கயட்டிப் பாக்க வேண்டியதுதான?"

"அது ஷோவுக்கு!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பல வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

டிரைவர் என்னைப் பார்த்தார். "இன்னாம்மா பேஜாரு இது? பாக்கத்தான் ஸ்பேனரா?"

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கார்புரேட்டர் எங்கே இருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாக சல்பேட் உப்பு பூத்துக் கிடந்ததே, அது பழைய சிநேகிதி மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தது. பரீட்சையில் எத்தனை பிள்ளைகளை அது அழவைத்திருக்கிறது! அந்தப் பொடி மண்டி, வயரைப் பிடித்திருந்த கிளாம்ப்பும் தளர்ந்து போயிருந்தது. கரண்ட் எப்படி வரும்?

"வில்சன், இந்த நட்டைக் கழட்டணும். ஸ்பேனர் எடு."

"அக்கா... கொஞ்ச நேரம் இருந்தா யாராவது மெக்கானிக்..."

"ஞாயித்துக்கிழமை எவன் கடை திறந்திருக்கான்? எடு."

அரை இன்ச் வாய் இரண்டு ஸ்பேனரில் இருந்தது. ஒன்று மின்னியது, ஒன்று பழுப்பு.

"அவன் வெச்சிருக்கிற அழுக்கு ஸ்பேனரை எடு. இன்னும் அழுக்கானா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் இவர்.

"அத்தானோடதை எடுக்கா. தேச்சா மறுபடி பளபளன்னு ஆயிடும்" என்றான் அவன்.

இப்போதும் என் வழியாகத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பையையே சாலையில் வீசியிருப்பேன். பழுப்பை எடுத்து நட்டில் மாட்டித் திருகினேன். நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. ஒன்றால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருக வேண்டும்.

"ரெண்டும் வேணும்" என்றேன்.

 பிறகு இவர், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த தன் ஸ்பேனரைப் பிரித்தார். என்னிடம் தரவில்லை. தானே குனிந்து போல்ட்டைப் பிடித்தார். வில்சன் என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு நட்டில் மாட்டினான்.

"நல்லாப் பிடிங்க அத்தான்."

"பிடிச்சிருக்கேன். நீ திருப்பு."

"வழுக்குது அத்தான்."

"வழுக்காது. மெதுவா."

நேருக்கு நேர். நடுவில் நான் இல்லை. கிரேஸ் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் இருந்த வெந்நீரைப் பேட்டரி முனையில் ஊற்றினேன். பச்சைப் பூவெல்லாம் கரைந்து ஓடியது. சுரண்டினார்கள், மாட்டினார்கள், முறுக்கினார்கள். சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. ஆட்டோ டிரைவர் விசில் அடித்தார். பாலிஷ் போட்ட ஸ்பேனரிலும் போடாத ஸ்பேனரிலும் ஒரே கறுப்பு மை.

நடுவர் வந்தார்

கல்லூரி மைதானத்தில் எங்கள் வண்டிக்கு முன் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கருவிகளை வரிசையாக வைத்தோம். மதிப்பெண் போட வந்தவள் ஜீன்ஸ் போட்ட ஒரு இளம்பெண். குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"சார், ஏன் பாதி மட்டும் பாலிஷ் பண்ணியிருக்கீங்க?"

"அது பெரிய கதை மேடம்" என்றான் வில்சன்.

அவள் இவருடைய பளபளக்கும் கட்டிங் பிளேயரை எடுத்தாள். கைப்பிடியில் இருந்த முத்திரையைப் படித்தாள். "இது ஸ்கூட்டரோட கிட்ல வர்றது, சார்."

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் வைத்திருந்த ஸ்கூட்டரின் பிளேயரோடு எப்போதோ இடம் மாறியிருக்கிறது. அப்பாவின் பிளேயர் அந்த ஸ்கூட்டரோடு விலை போய்விட்டது. வில்சன் வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"இந்தத் திருப்புளியும் ஒரிஜினல் இல்லை" என்று அவனுடைய பழுப்புத் திருப்புளியைக் காட்டினாள். "இது சமீபத்துல வந்த லோக்கல் மாடல். எண்ணெய் தடவி பழசு மாதிரி ஆக்கியிருக்கு." சிரிப்பு பாதியில் நின்றது. பையிலிருந்த அறை ஒன்று காலியாகத் தெரிந்ததால், முந்தின வாரம் கடையில் வாங்கிச் சொருகியிருக்கிறான்!

கடைசியாக வீல் ஸ்பேனரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ரொம்ப அழகா ரெஸ்டோர் பண்ணியிருக்காங்க. மெட்டல் போகல, எழுத்து அழியல. யார் பண்ணது?"

"நான்தான்" என்றார்கள் இருவரும்.

கிரேஸ் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

பரிசு வேறு யாருக்கோ போயிற்று. எங்களுக்குக் கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது பை யாருக்கு என்று இருவரும் என்னையே பார்த்தார்கள். வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதன் கருவியும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சாட்சி சொல்லத்தான் முடியாது, தீர்ப்புச் சொல்ல முடியும்.  இவர் நாடாவை இறுக்கிக் கட்டி, வில்சன் கையில் கொடுத்தார். வீடு வரும்வரை மடியில் கை வைக்க இடம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு

இரண்டு வாரம் போயிருக்கும். வில்சன் ஃபோன் செய்தான். "அக்கா, ஒரு ஸ்பேனர் குறையுது."

நான் செய்தித்தாளைப் பார்த்தேன். செய்தித்தாள் அசையவில்லை. பீரோவைத் திறந்தேன். கல்யாணப் புடவைக்குக் கீழே, கைக்குட்டையில் சுற்றியபடி கிடந்தது.

"இதென்னங்க?"

"அடடா, சட்டைப் பையில வந்துடுச்சு போல" என்றார். ஸ்பேனர் ஒரு சாண் நீளம். எந்தச் சட்டைக்கு அவ்வளவு பெரிய பை என்று நான் கேட்கவில்லை. "போய்க் குடுத்துட்டு வந்துடலாம். ஃபோன்ல சொன்னா மரியாதையா இருக்காது."

கொடுக்கப் போனோம். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். இருவரும் போர்ட்டிகோவில் உட்கார்ந்து பேட்டரித் தண்ணீரைப் பற்றிச் சாயங்காலம் வரை பேசினார்கள். கத்தினார்கள் என்றும் சொல்லலாம். அடுத்த மாதம் வில்சன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அவர்கள் கிளம்பிப் போன பிறகு ஹாலைக் கூட்டினேன். சோபா மெத்தைக்கு அடியில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. பிளக் கழற்றும் குழாய். அதன் மேல் கிரேஸ் வீட்டுக் கைத்துண்டு சுற்றியிருந்தது.

இவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"பாத்தியா, இவ்வளவு அஜாக்கிரதையா இருக்கான் உன் தம்பி. இதையெல்லாம் கூரியர்ல அனுப்பக் கூடாது. நாமளே நேர்ல போய்க் குடுக்கணும்."

"எப்போ?"

"அவசரம் ஒண்ணும் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை போலாம்."

நான் ஃபோனை எடுத்து கிரேஸுக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை என்ன மீன் வாங்கப் போகிறாள் என்று கேட்டேன்.